பார்க்க மட்டும்

வெள்ளிக்கிழமை, இரண்டாம் அங்கம்.
அரசி செத்துக்கொண்டிருக்கும்போது
மேடை பச்சையாயிற்று.
மீன்தொட்டிப் பச்சை.
அரசி ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு
மறுபடி செத்தாள்.

யார் தொட்டது?
கன்சோலின் பதிவேட்டில் ஒரே பெயர்தான்: மேடை.
எங்கள் பதினோரு பேருக்கும் அதுதான் பெயர்,
பாஸ்வேர்டும் அதுவே.
ஒலிக்கூடத்துச் சுவரில்
பென்சிலால் எழுதியிருக்கும்.

ஆக, திங்கள் இரவு. நாடகம் இல்லை.
பதூமியின் மழைக்கு மட்டும் விடுமுறை கிடையாது;
கருங்கடல் எழுந்து வந்து
தகரக் கூரைமேல் நடக்கிறது.
கன்சோல் முன்னால் ஒரு பை மாண்டரின் ஆரஞ்சு,
நான்,
பெயர்ப் பட்டியல்.
கண் கூசாமலிருக்க மேடையை
எட்டு சதவீதத்தில் விட்டிருக்கிறேன்.

எரெக்லே, பத்தொன்பது வயது,
சும்மா இருக்கத் தெரியாத விரல்.
ஓட்டலாம், திருத்தக் கூடாது.
விளக்கு எப்போது ஏறும் என்பது அவன் கையில்,
எவ்வளவு ஏறும் என்பது என் கையில்.
டிக் அடிக்கும்போது கொஞ்சம் வெட்கமாயிருந்தது.
அவன் வயதில் எனக்கு எல்லாம் திறந்து கிடந்தது.
ஒரு டிம்மர் அடுக்கையே எரித்தேன்.

நுனு, மேடை நிர்வாகி.
அவசரத்துக்கு எல்லாவற்றையும் அணைக்கும் பொத்தான்
அவளுக்கு மட்டும்.
கேட்காத ஒரே ஆள் அவள்தான் என்பதால்.

இயக்குநர் அவ்தாந்தில்
பதினான்காம் வரிசையில் மடியில் டேப்லெட்டோடு
'இன்னும் கொஞ்சம் நீலம்' என்பார்,
நாம் நிமிர்வதற்குள் தானே சேர்த்திருப்பார்.
(வெள்ளிக்கிழமைப் பச்சை அவருடையது என்று
நான் சொல்லவில்லை.
பதிவேடும் சொல்லவில்லை.)
அவருக்கு: பார்க்க மட்டும்.
எல்லா எண்களும் அவர் கண்முன் ஏறும், இறங்கும்.
விரல் வைத்தால் கண்ணாடி சில்லென்றிருக்கும், அவ்வளவுதான்.
அவரிடம் சொல்லும் தைரியம் நாளைக்கு.
இன்றைக்கு டிக்.

பிறகு 'மேடை'யை அழித்தேன்.
பதினோரு பேரும் ஒரே சொடுக்கில் போனார்கள்.
ஏற்கெனவே உள்ளே இருப்பவரை
வெளியேற்ற மாட்டேன் என்றது கன்சோல்,
இனி வருபவரைத்தான் தடுப்பேன் என்றது.
சரி, என்றேன்.

இரண்டரை மணிக்கு என் முறை.
பழத்தோல் வாசனையில் நியாயவுணர்ச்சி பெருகிவிட்டது.
தினப்படி வேலைக்கு எனக்கெதற்கு இத்தனை அதிகாரம்?
அட்மினுக்கு வேறொரு கணக்கு தொடங்கிக்கொள்ளலாம்,
முதலில் இதைக் குறைப்போம்.
குறைத்தேன். சேமித்தேன்.
வேறொரு கணக்கைத் தொடங்கப் போனேன்.

இதற்கு உங்களுக்கு அனுமதி இல்லை,
என்றது மரியாதையாக.

மேடையில் அதே எட்டு சதவீதம்.
ஒன்பதாக்க முடியவில்லை என்னால்.
அரங்கத்துக்குள் இறங்கி,
வேறு போக்கிடம் தெரியாமல்,
பதினான்காம் வரிசையில் உட்கார்ந்தேன்.
இங்கிருந்து பார்த்தால்
நீலம் கொஞ்சம் குறைவுதான்.

அப்போதுதான் நினைவு வந்தது:
சாமான் அறைச் சுவரில் ஒரு பேனல்.
ஏழு வருடமாக யாரும் வெளியேறாத 'மேடை',
முழு அதிகாரத்தோடு,
துடைப்பங்களுக்குப் பின்னால்.
சாவி சியாலாவிடம்.
பட்டியலில் அவள் பெயரை
யாரும் எழுதித் தரவில்லை, நானும் எழுதவில்லை.

ஐந்தரைக்கு வந்தாள்.
குடை உதறும் சத்தம், பூட்டின் சத்தம்,
வாளி நிரம்பும் சத்தம்.
பிறகு பார்க்காமலே ஒரு விரல் வைத்தாள் போலும்,
நூறு சதவீதம்.
நாற்பத்தெட்டு விளக்கும் ஒன்றாய் வெளுக்க
நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

'யாரது அங்கே?'

'நான்தான். சியாலா, அந்தப் பேனல்...
இரண்டே நிமிடம்,
மேடையைக் கடந்து வந்துவிடட்டுமா?'

ஈரத் துணியைப் பிழிந்து
முன்மேடையிலிருந்து பின்னோக்கி
நீளமாக ஒரு இழுப்பு இழுத்தாள்.

'காயட்டும்,' என்றாள்.
'பிறகு வா.'